புதுப்பிப்பு: கஃபேயில் ஊளையிட்ட கிட்டார்

பெசன்ட் நகர் கஃபேயில் நான் எழுதிய பாட்டுகளைப் பாடும்போது கிட்டார் ஸ்பீக்கர் வழியே ஊளையிட்டு, ஒரு வரிகூடப் புரியாமல் போனதைப் போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடியே கிட்டாரின் துளையை ரப்பர் மூடியால் அடைத்தேன். ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அடித்தொனியைக் குறைத்தேன். கிட்டாரின் உடலுக்குள் காற்று அதிர்வது ஏறக்குறைய அங்கேதான். ஸ்பீக்கரையும் எனக்கு முன்னால் தள்ளி வைத்தேன். நேற்று ஊளையே இல்லை! ரொம்ப நன்றி.

அப்புறம், பாட்டெழுதுபவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேர விண்ணப்பித்துவிட்டேன்.

நேற்று மூன்றாவது பாட்டில், முன்மேஜையில் இருந்த ஒரு பாட்டி காபியைக் கீழே வைத்துவிட்டு, பல்லவி இரண்டாம் முறை வந்தபோது கூடவே முணுமுணுத்தார். பாட்டு முடிந்தும் கிட்டார் கழுத்தில் மாட்டியிருந்த கேப்போ கிளிப்பைக் கழற்றத் தோன்றாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.