யுத்தகாலத்து ஊர் வாழ்க்கை: ஆசிரியர் பயிற்சிக்கு எதை எடுக்கலாம்?

கரும்பலகை:
காரைக்குடிப் பக்கத்து சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு அரைநாள் பயிற்சி நடத்தப்போகிறேன். தலைப்பு இரண்டாம் உலகப்போர். ஹிட்லர், ஹிரோஷிமா எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஆண்டுகளில் நம் ஊரில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டால் பதில் வராது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் நடத்திய குண்டுவீச்சில் தொடங்கலாமா, 1942இல் சென்னை காலியானதில் தொடங்கலாமா?

பழைய வாத்தியார்:
எம்டனை விடுங்கள். அது 1914 செப்டம்பர் 22, முந்தைய போர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னை பயந்து ஓடியது. உயர் நீதிமன்றமே கோயம்புத்தூருக்குப் போனது. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டதை மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்; வகுப்பு அங்கேயே நின்றுவிடும்.

அது கிடக்கட்டும். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு சென்னையைத் தேடுவானேன்? உங்கள் பாடம் ரங்கூனில் இருக்கிறது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் உங்கள் பக்கத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கையில். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. நிலம் போனது, வட்டிக்கடை போனது, சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றது. ரேஷன் கடை வரிசையை இங்கிருந்து விளக்குங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதலாளி இழந்ததோடு நிறுத்தினால் அது பாதிப் பாடம். வட்டிக்கடைச் சிப்பந்திகளான மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், அவர்களோடு துறைமுகக் கூலி, இவர்கள் எப்படி ஊர் திரும்பினார்கள்? காசுள்ளவனுக்குக் கப்பல், மற்றவர்கள் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் வழியாகவும், எல்லை ஊரான தமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவில் வழியிலேயே போனவர்கள் ஏராளம். அந்தப் பாதைகளில் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்ததாகக் காங்கிரஸ் தலைவர்கள் குற்றம்சாட்டினார்கள். ஆசிரியர்களை விவாதிக்க விடுங்கள்.

செல்லாக்காசு:
கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமென்றால் நாணயம். 12இல் 11 பங்கு வெள்ளியாக இருந்த ரூபாய் 1940இல் பாதி வெள்ளியானது. 1943இல் ஓட்டைக் காலணா வந்தது, உலோகத்தை மிச்சம் பிடிக்க. பழைய காசுக் கடையில் மலிவாகவே கிடைக்கிறது.

கரும்பலகை:
நாணயம் வாங்கிவிடலாம். ஆனால் அன்றைக்குப் பத்து வயதிருந்தவர்களே இன்று தொண்ணூறு தாண்டிவிட்டார்கள். யாரைக் கேட்பது?

பழைய வாத்தியார்:
ஆளை ஏன் தேடுகிறீர்கள்? பழைய பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். 1942ஆம் ஆண்டுச் சேர்க்கையில் ‘முன்பு படித்த பள்ளி’ என்ற கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ரங்கூன், பர்மாவின் இன்னொரு துறைமுகமான மோல்மேன், சென்னை என்று எத்தனை பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள் என்று ஆசிரியர்களே எண்ணட்டும். வீட்டில் கேட்ட கதைகளை அதற்குப் பிறகு எழுதி வாங்குங்கள். 1942இன் ஓட்டத்தையும், 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் சென்னையில் குண்டு போட்டதையும் ஒன்றாக்கித்தான் பலர் சொல்வார்கள். தேதியைத் தனியே சரிபாருங்கள்.

கரும்பலகை:
பயிற்சி நடக்கும் பள்ளியே நூறாண்டுப் பள்ளி. பதிவேட்டு பீரோவைத் திறக்கத் தலைமையாசிரியரிடம் இன்றே அனுமதி கேட்கிறேன்.