ஃபைட்டோஜெனிக் ஃபீட் அடிட்டிவ்: ‘மருந்து’ வேண்டாம், ‘சேர்ப்பு’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

ஃபைட்டோஜெனிக் ஃபீட் அடிட்டிவ், அதாவது கோழித் தீவனத்தில் சிறிதளவு சேர்க்கும் தாவரப் பொருள், இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். மூலிகைத் தீவன மருந்து, தாவரத் தீவனம், மூலிகைச்சாறு என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே வாயில் எளிதாக வரும் சொற்கள்தான், ஆனாலும் மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதிலும் முதல் சொல்லைக் கட்டாயம் கைவிட வேண்டும் என்பேன்.

காரணம் இதுதான். கறிக்கோழிப் பண்ணையில் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நேரத்தில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அவர் சொல்லும் மருந்தைத் தண்ணீரில் கொடுக்க வேண்டும். பையின் மேல் ‘மூலிகை மருந்து’ என்று அச்சடித்திருந்தால் பண்ணைக்காரர் என்ன நினைப்பார்? கையில்தான் மருந்து இருக்கிறதே, இதையே இரண்டு பங்காகப் போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் காத்திருப்பார், அந்த இரண்டு நாளில் கொட்டகை முழுக்க நோய் பரவிவிடும். நாம் பேசுகிற பொருள் அந்த வேலைக்கானது இல்லை. குஞ்சு வந்த நாளிலிருந்து தீவனத்தோடு சிறிதளவு தினமும் போய், செரிமான நீர்களைத் தூண்டி, குடலில் கெட்ட பாக்டீரியா பெருகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதனிடம் எதிர்பார்க்கப்படுவது. அதுவும் எல்லாச் சோதனையிலும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. தீவனத்தில் சேர்ப்பவற்றை அது ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மணம், சுவை தருபவை ஒரு வகை, செரிமானத்துக்கும் குடல் நுண்ணுயிர்ச் சமநிலைக்கும் உதவுபவை இன்னொரு வகைக்குள் வருகின்றன, ரத்தக்கழிச்சலைத் தடுப்பவை தனி வகை. நோய்க்குக் கொடுக்கும் மருந்து இந்தப் பட்டியலுக்கே வெளியில். அதே சட்டம்தான் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. சுவீடன் 1986லேயே நிறுத்திவிட்டது. இந்தியாவில் 2019ல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கத் தடை வந்தது. குறைந்த அளவில் தினமும் ஆன்டிபயாடிக் போட்டபோது அடங்கியிருந்த கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற குடல் பாக்டீரியா, அதை எடுத்துவிட்டால் தலைதூக்கிக் குடல் அழுகல் நோயைக் கொண்டுவருகிறது, அந்த இடத்தை நிரப்பத்தான் எல்லோரும் ஓமத்தையும் பட்டையையும் கிராம்பையும் தேடிப் போகிறார்கள். அதனால்தான் இந்தப் பெயரை இப்போதே சரியாக வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஆன்டிபயாடிக் செய்த வேலையை அப்படியே இதுவும் செய்துவிடும் என்ற வாக்குறுதியைப் பெயரே கொடுத்துவிடக் கூடாது.

தாவரத் தீவனம் என்பது பொருந்தாது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தாவரம்தானே, கறிக்கோழித் தீவனத்தில் பெரும்பகுதி அவைதான். நமக்கு வேண்டிய சொல் டன்னுக்குச் சில நூறு கிராம் மட்டும் போடுகிற பொருளுக்கு.

‘சாறு’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கற்பூரவள்ளி இலையை இடித்துப் பிழிந்து நாட்டுக்கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், சாறு என்றால் அதுதான் நினைவுக்கு வரும். அதில் கார்வக்ரால் என்ற மணப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மண், பருவம், பறித்த நேரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். தீவன ஆலை வாங்குவது வேறு. ஓமத்தை நீராவியில் வடித்துத் தைலம் இறக்கி, அதில் தைமால் என்ற மணப்பொருள் இத்தனை சதவீதம் என்று அளந்து தருவது அது. தைமால் பாக்டீரியாவின் மேல்சவ்வைக் குலைத்து உள்ளே இருப்பதைக் கசியவிடுகிறது, அதற்குப் போதிய அடர்த்தி வேண்டும். ஆனால் தீவனத்தைக் குருணையாக்கும்போது 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது, மிச்சத்திலும் பெரும்பங்கு முன்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் பின்குடலுக்கும் குருட்டுக்குடலுக்கும் போய்ச் சேருவது குறைவு. கொழுப்பில் பொதிந்து கொடுப்பது அதற்காகத்தான். பிழிந்த சாறு என்ற எண்ணத்துக்குள் இவை எதுவும் அடங்காது. வடித்தாலும் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்தாலும் கடைசியில் கிடைப்பதற்குச் ‘சாரம்’ என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாறு வேறு, சாரம் வேறு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக என் பரிந்துரை: பிரித்தெடுத்த பொருளுக்குத் தாவரச்சாரம். அடிட்டிவ் என்பதற்குத் தீவனச் சேர்ப்பு. உலர்த்திய பொடியும் இந்த வகையில் வருவதால், முழு வகைக்கும் தாவரவழித் தீவனச் சேர்ப்பு, கட்டுரைகளில் சுருக்கமாகத் தாவரவழிச் சேர்ப்பு. ‘கலப்பு’ என்று நண்பர் ஒருவர் சொன்னது கலப்படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, வேண்டாம். ‘சேர்மானம்’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அதை மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு போன்ற முதன்மைப் பொருள்களுக்கு விட்டுவைப்போம், தீவனக் கணக்கு போடுகிறவர்களுக்கு இரண்டு சொல் தேவை.

இன்னொன்று. குடல்நலத்தை அளக்கும்போது குடலின் உள்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் வில்லியின் உயரத்தையும் அதன் அடியில் உள்ள கிரிப்ட்டின் ஆழத்தையும் ஒப்பிடுகிறார்கள், உயரம் கூடி ஆழம் குறைந்தால் நல்லது. வில்லிக்குக் குடலுறிஞ்சி என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். கிரிப்ட்டுக்கு ‘நிலவறை’ என்று வந்த பரிந்துரையைப் படித்தால் கோழிக்குடல் கண்முன் வரவில்லை. குடலுறிஞ்சிகளின் அடியில் இருக்கும் சிறு குழி அது, அடிக்குழி என்றே சொல்லலாம்.

நாமக்கல், பல்லடம் பக்கம் தீவன ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால், ‘சேர்ப்பு’ என்ற சொல் அங்கே ஏற்கெனவே வேறு எதற்காவது வழங்குகிறதா என்று எழுதுங்கள். அப்படி இருந்தால் அதை மாற்ற எனக்குத் தடையில்லை. மருந்து என்று மட்டும் போட வேண்டாம்.