கர்த்தர் பேசினார்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் விளங்க மாட்டேங்குது?

யாங்கோன்_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சின்னதுலருந்து சண்டே ஸ்கூல், இப்ப வாலிபர் கூட்டம்னு வளந்தவன் நான். வேதம் வாசிக்கிறேன், ஜெபமும் பண்றேன், ஆனா ஆவிக்குரிய பார்வைன்னு சொல்றாங்களே அது எனக்கு இல்லையோன்னு பயமா இருக்கு. வீட்டு ஜெபத்துல கரண்டு போயி மெழுகுவத்தி வச்சு உக்காந்திருந்தோம், வெளியூர் ஊழியக்காரர் ஒருத்தர் என் தலையில கை வச்சு மலேசியாவுக்கு வாசல் திறந்திருக்கு, போன்னாரு, அம்மா அங்கயே அழுதுட்டாங்க. அடுத்த வாரமே ஒரு சிஸ்டர், நீ இந்த ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு கர்த்தர் காட்டினார்ங்கறாங்க. மலேசியாவுக்கு அனுப்புற ஏஜென்ட்டு வேற பணம் கேட்டு நச்சரிக்கிறான். ரெண்டும் எப்படி கர்த்தர்கிட்டருந்து வரும்? எனக்குள்ள ஒரு சத்தமும் கேக்கல. எது கர்த்தர் சொன்னது, எது இல்லன்னு பிரிச்சறியுற பார்வைய எப்படி வளத்துக்கிறது?

ஸ்காட்மார்க்கெட்_அண்ணன்:
தம்பி, சாமுவேல் ஆலயத்துலயே படுத்துத் தூங்கின பிள்ளை, அவனுக்கே கர்த்தர் கூப்பிட்டது மூணு தடவையும் ஏலி கூப்பிடுறதாத்தானே பட்டுச்சு. மாற்கு 8ல பெத்சாயிதா குருடனப் பாரு, இயேசுவே தொட்டும் முதல்ல மனுஷங்க மரம் மாதிரி நடக்குறதாத்தான் தெரிஞ்சுது, மறுபடி கை வச்சப்புறம்தான் தெளிஞ்சுது. எபிரெயர் 5:14லயும் பயிற்சியினாலதான் நன்மை தீமை பிரிச்சுப் பாக்க வரும்னு இருக்கு, பிறவியிலயே வந்துரும்னு இல்ல.

நான் கல்லு வியாபாரத்துல இருக்கேன். மோகோக் கெம்பு கையில வந்தா ட்யூப்லைட்டுல பாக்க மாட்டோம், பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி லென்ஸ் வச்சுத் திருப்பித் திருப்பிப் பாப்போம். நிஜக் கல்லுக்குள்ள மெல்லிசா பட்டு நூல் மாதிரி கோடு ஓடும், ஏதாவது ஒரு குறை இருக்கும். ஒரு மாசும் இல்லாம பளபளன்னு பெரிய கல்லா வந்தா அங்கதான் எங்களுக்கு சந்தேகமே. இத எந்தப் புத்தகமும் கத்துத் தராது, நல்ல கல்லயே தினம் பாத்துப் பாத்துதான் கண்ணு பழகும். நீ தீர்க்கதரிசனம் தேடி அலையாத, நாலு சுவிசேஷத்தயும் முழுசு முழுசா திரும்பத் திரும்ப வாசி, இயேசு எப்படிப் பேசுவார்னு பழகினவனுக்கு அவர் பேசாத பேச்சு காதுல உறுத்தும். அப்புறம் ஏற்கனவே தெளிவாத் தெரிஞ்சத செய், கடன் கொடுக்கணுமா கொடு, யார்கூடயாவது பேச்சு வார்த்தை இல்லையா போயிப் பேசு. தெரிஞ்சதுக்கே கீழ்ப்படியாதவனுக்கு தெரியாதது எப்படித் தெளியும்?

அந்தோணியார்கோயில்_ஆன்ட்டி:
நான் கத்தோலிக்கப் பொம்பள, தப்பா நினைக்காதீங்க. சேசு சபைய ஆரம்பிச்ச எங்க புனித இஞ்ஞாசியார் 1521ல ஸ்பெயின்ல பாம்ப்லோனா சண்டையில குண்டடி பட்டுப் படுக்கையில கிடந்தப்ப ஒண்ணக் கவனிச்சாரு, போர்வீரன் பெருமைய நினைச்சா அந்த நேரம் இனிக்குது, அப்புறம் மனசு வறண்டுடுது, கிறிஸ்துவுக்காக வாழறத நினைச்சா அந்த சந்தோஷம் பின்னாடியும் நிக்குது. அதுலருந்துதான் ராத்திரி படுக்குமுன்ன அன்னைக்கு நாளை ஆண்டவர் முன்னாடி திருப்பிப் பாக்குற வழக்கம் எங்களுக்கு வந்துச்சு. எங்க அன்பு கூடுச்சு, எங்க மனசு சுருங்குச்சுன்னு பாருங்க தம்பி. மலேசியான்னு நினைக்கிறப்ப மட்டும் இல்ல, நினைச்சு முடிச்சப்புறம் உள்ள என்ன மிச்சம் நிக்குதுன்னும் பாருங்க.

மோல்மீன்_போதகர்மகன்:
சத்தம் கேக்கலன்னு பயப்படுற தம்பிக்கு அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயாவ ஞாபகப்படுத்தணும். 1813ல ரங்கூன் வந்தவரு, முதல் பர்மாக்காரர் ஞானஸ்நானம் எடுக்கவே 1819 ஆச்சு. 1826ல மனைவி ஆன் எங்க பக்கத்து ஆம்ஹர்ஸ்ட்டுல இறந்தாங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்குல இருட்டு, தேவனை நம்புறேன், ஆனா அவரைக் கண்டடைய முடியலன்னே எழுதியிருக்காரு. அதே மனுஷன்தான் 1834ல பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடிச்சாரு. உணர்வு வரட்டும்னு காத்திருந்து வேலைய விட்டுடல.

ரெண்டு தீர்க்கதரிசனம் மோதுதே, அதுக்கு அப்போஸ்தலர் 21 வாசிங்க. எருசலேமுக்குப் போகாதேன்னு தீரு பட்டணத்துல சீஷர்கள் ஆவியின் ஏவுதலாலயே பவுலுக்குச் சொன்னாங்க, அப்புறம் அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சையால தன் கையக் கால கட்டிக் காட்டினான், பவுல் போனாரு. அகபு சொன்னது அங்க கட்டுவாங்கன்னு மட்டும்தான், போகாதேன்னு அழுதது பாசத்துல கூட இருந்தவங்க. அந்த சிஸ்டருக்கு உங்க மேல பாரம் வந்தது உண்மையா இருக்கலாம், நகரக்கூடாதுங்கிறது அவங்களே சேத்ததா இருக்கலாம். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்னு பவுலே எழுதியிருக்காரு, சோதிக்கிறது அவிசுவாசம் இல்ல.

யாங்கோன்_தம்பி:
படிச்சு கண்ணு கலங்கிடுச்சு அண்ணே. அகபு விஷயத்த இப்படி யாரும் சொன்னதில்ல. ஏஜென்ட்டுகிட்ட கொஞ்சம் பொறுன்னு சொல்லிட்டேன். அந்த ஊழியக்காரர் ஞாயித்துக்கெழமை திரும்ப வர்றாரு, என்ன முடிவு பண்ணேன்னு கேப்பாரு, என்ன சொல்ல?

ஸ்காட்மார்க்கெட்_அண்ணன்:
ஜெபத்துல வச்சிருக்கேன் ஐயா, எங்க போதகர்கிட்டயும் பேசிட்டு இருக்கேன்னு மரியாதையாச் சொல்லு, அவ்வளவுதான். கர்த்தருடைய மனுஷன்னா சந்தோஷப்படுவாரு. கோபப்பட்டு மிரட்டினாருன்னா அதையும் சேத்து நிதானிச்சுக்க. ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னு நான் இங்க விசாரிச்சுச் சொல்றேன்.