வீட்டுக்குள் எடுத்தால் மட்டும் குழந்தைகள் படம் கலங்குவது ஏன்?

கேள்வி:
வெளியில் எடுத்தால் படம் பளிச்சென்று விழுகிறது. அதே போனில் ராத்திரி வீட்டு விளக்கு வெளிச்சத்தில் குழந்தைகளை எடுத்தால் முகம் இழுபட்டு வருகிறது. நைட் மோடு போட்டால் இன்னும் மோசம். 50 மெகாபிக்சல் கேமராதான். போனை மாற்றாமல் வழி உண்டா?

மறுமொழி 1:
மெகாபிக்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கெட்ட படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் இருக்கும் அலமாரி கூர்மையாக இருந்து குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது குழந்தை. படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் உங்கள் கை. எல்லா இடமும் மங்கலாகி, விளக்கிலிருந்து கீற்று கீற்றாக ஒளி நீண்டிருந்தால் லென்ஸில் விரல் எண்ணெய்; மெத்தென்ற பருத்தித் துணியால் துடைத்தால் போயிற்று.

உங்களுடையது முதல் வகை போலிருக்கிறது. நைட் மோடு ஓரிரு விநாடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. சுவருக்கும் சிலைக்கும் அது சரி, ஓடுகிற பிள்ளைக்கு ஆகாது. அணைத்துவிடுங்கள். ப்ரோ மோடில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, 1/250 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோவில் 1/30 இருந்திருந்தால், உள்ளே வரும் வெளிச்சம் இப்போது எட்டில் ஒரு பங்குதான். ஐஎஸ்ஓவை (படத்தை எவ்வளவு பிரகாசமாக்குவது என்ற அளவு) 200-லிருந்து 1600-க்கு ஏற்றினால் ஈடாகிவிடும். படம் கொஞ்சம் பொரிப்பொரியாக இருக்கும், இருக்கட்டும். அதைப் பிறகு குறைக்கலாம். இழுபட்ட முகத்தை மீட்க முடியாது.

மறுமொழி 2:
இதோடு லென்ஸையும் பாருங்கள். வீட்டுக்குள் 1எக்ஸ் (முதன்மைக் கேமரா) மட்டும் போதும். எஃப் எண் கூடினால் லென்ஸின் திறப்பு சின்னது: எஃப் 1.8 லென்ஸைவிட எஃப் 2.2 அல்ட்ராவைடில் (அகலமாகக் காட்டும் லென்ஸ்) நுழையும் வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்குதான், அதன் சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) பெரும்பாலும் சின்னது. 3எக்ஸ் தொட்டாலும் பயனில்லை: வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் ஜூம் லென்ஸை விட்டுவிட்டு, முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன.

கேள்வி கேட்டவர்:
1/250 வைத்தேன். முகம் தெளிவாக வந்துவிட்டது, ஆனால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். போன் பழுதா?

மறுமொழி 1:
பழுதில்லை, விளக்கின் வேலை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. போன் சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால், ஒளி குறைந்த கணத்தில் படித்த வரிகள் பட்டையாக விழுகின்றன. ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/120. ஐஎஸ்ஓவும் 1600-லிருந்து 640 பக்கம் இறங்கும், அது லாபம்.

1/100-ல் வேகமான ஓட்டம் கொஞ்சம் இழுபடத்தான் செய்யும். குதிக்கிற பிள்ளையை உச்சியில் பிடியுங்கள். மேலே போய்க் கீழே திரும்பும் அந்தக் கணத்தில் உடல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஊஞ்சலுக்கும் அப்படியே, இரு கோடிகளிலும். பர்ஸ்ட்டில் (விடாமல் அடுத்தடுத்து எடுக்கும் முறை) பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

மறுமொழி 3:
இவ்வளவு மல்லுக்கட்டுவதைவிடப் பகலில் சன்னலோரம் எடுப்பது மேல். பிள்ளை சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள், முகம் சன்னல் பக்கம் அரைவாசி திரும்பி இருக்கட்டும். நீங்கள் சன்னலை ஒட்டி, நிழல் பிள்ளைமேல் விழாமல் ஒதுங்கி நில்லுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். பகல் வெளிச்சத்தில் பட்டைத் தொல்லை கிடையாது, 1/250 தாராளமாக வைக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
1/100-ல் பட்டை போய்விட்டது, நன்றி. வீட்டில் இன்னொன்று ஐபோன், அதில் ப்ரோ மோடையே காணோம்?

மறுமொழி 2:
அதன் சொந்தக் கேமராவில் ஷட்டர் வேகத்தை மாற்ற வழியில்லை. ஆப் ஸ்டோரில் மேனுவல் கேமரா என்று தேடி ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.