தூக்கத்துல நெஞ்ச அமுக்குது, கை கால் அசையல, என்ன செய்ய?

தங்கச்சிமடத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் விசைப்படகுல கடலுக்கு போறவன். ராத்திரி பூரா வலை இழுக்குறதும் மீன் பிரிக்கிறதுமா போயிரும், மறுநாள் கரைக்கு வந்து பகல்ல தான் தூக்கம். கொஞ்ச நாளா கண்ணசந்து கெடக்குறப்ப திடீர்னு முழிப்பு வருது, ஃபேன் சுத்துறது தெரியுது, அடுப்படில அம்மா ஏனம் கழுவுற சத்தம் கேக்குது, ஆனா கூப்பிட வாய் வரல, விரல கூட அசைக்க முடியல. நெஞ்சு மேல யாரோ உக்காந்துருக்க மாதிரி, கதவுகிட்ட ஒரு ஆளு நிக்கிற மாதிரி. அம்மா அமுக்குவான் பேய்னு சொல்லி ஏர்வாடி தர்காவுக்கு போவோம்ங்குது. படுக்கவே பயமா இருக்கு. யாருக்காச்சும் இப்டி வந்துருக்கா?

ராம்நாடு நர்ஸ்:
தம்பி பயப்படாதீங்க, இது ஸ்லீப் பராலிசிஸ். நல்லா கனவு வர்ற தூக்கத்துல மூளையே கை கால அசைய விடாம கட்டி வச்சிரும், இல்லன்னா கனவுல ஓடுறப்ப நெசமாவே எந்திரிச்சு ஓடிருவோம். சில நேரம் முழிப்பு முந்திக்கும், கட்டு அவுர லேட்டாகும், கனவும் பாதி ஓடிட்டு இருக்கும், கதவுகிட்ட ஆளு தெரியறது அதனால தான். நெஞ்சுக்கூட்டு தசை தளர்ந்து கெடக்குறப்ப நாம இழுத்து மூச்சு விட பாத்தா அமுக்குற மாதிரி இருக்கும், ஆனா நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்க மூச்சுத் தசை, உதரவிதானம்னு சொல்லுவாங்க, அது வேலை செஞ்சுட்டே தான் இருக்கும், மூச்சு நிக்காது. சில செகண்டுல இருந்து ஒன்னு ரெண்டு நிமிஷத்துல தானா விட்டுரும். 2011ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல 100 பேருல 8 பேருக்கு ஒரு தடவையாச்சும் வந்துருக்குனு இருக்கு, மாணவர்கள்ல அது 28.

கீழக்கரை சபுராளி:
தம்பி, துபாய்ல நைட் ஷிப்ட் பாத்தப்ப எனக்கும் இதே தான். மல்லாக்க படுத்தா தான் அதிகமா வரும், ஒருக்களிச்சு படுங்க. வந்துருச்சுன்னா மொத்த உடம்பயும் தூக்க பாக்காதீங்க, பயம் தான் கூடும். மூச்ச மெதுவா விட்டுக்கிட்டு கால் கட்டைவிரல மட்டும் அசைக்க பாருங்க, அது லேசா அசைஞ்சதும் மத்ததும் விட்டுரும்.

தங்கச்சிமடத்தான்:
ரொம்ப நன்றிண்ணே, அக்கா. இப்பதான் யோசிக்கிறேன், ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு மீன்பிடி தடைக்காலம்ல, அப்ப ராத்திரி ஒழுங்கா தூங்குனேன், ஒரு தடவ கூட வரல.

ராம்நாடு நர்ஸ்:
அதான் தம்பி, தூக்கம் கெட்டா இது அதிகமா வரும். கரைக்கு வந்ததும் டீய குடிச்சிட்டு அரைகுறையா படுக்காம ஜன்னல இருட்டாக்கி ஃபோன ஓரமா வச்சுட்டு ஒரே மூச்சா தூங்குங்க, கடலுக்கு போகாத நாள்ல ராத்திரி தூக்கத்த விட்டுறாதீங்க. பகல்ல அடக்க முடியாம தூக்கம் சொக்குனாலோ, சிரிக்கிறப்ப முட்டி மடங்கி விழப் பாத்தாலோ, குறட்டைல மூச்சு நின்னு நின்னு வந்தாலோ கட்டாயம் டாக்டர பாருங்க. அம்மா ஏர்வாடிக்கு கூப்பிட்டா போயிட்டு வாங்க, அது அவங்க மனசுக்கு ஆறுதல், ஆனா அவங்ககிட்டயும் இத சொல்லி வைங்க. நீங்க ம்ம்ம்னு முனகுற சத்தம் கேட்டா தோள தொட்டு பேரச் சொல்லி கூப்பிட்டா போதும், பெரும்பாலும் உடனே விட்டுரும்.