51 ஓட்டு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

குழு: மதுரைச் சொந்தங்கள்

நான் (காலை 10:04): வாக்காளர் பட்டியல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். முந்தைய தீவிரத் திருத்தத்தில், அதாவது 2002-2005 பட்டியலில், பெயர் எந்தத் தொகுதியில் இருந்தது என்று கேட்கிறது. மதுரை தெற்கு என்று தேடினேன். அப்படி ஒரு தொகுதியே வரவில்லை. பெரியப்பா, உதவுங்கள்.

பெரியப்பா: எப்படி வரும்? தெற்கு என்ற தொகுதியே 2008 மறுவரையறையில்தான் உண்டானது. அப்போது நம் வீடு மதுரை கிழக்கு.

அக்கா: கிழக்கு என்றால் ஒத்தக்கடைப் பக்கம் இல்லையா?

பெரியப்பா: அது இப்போதைய கிழக்கு. பெயர் மட்டும்தான் அதே. பழைய கிழக்கு நகரத்துக்குள் இருந்தது. சமயநல்லூர், சேடப்பட்டி என்று கூடத் தொகுதிகள் இருந்தன. அவை ரெண்டுமே இன்றைக்குக் கிடையாது.

நான்: கிடைத்துவிட்டது. பாகம் எண்ணும் இருக்கிறது. நன்றி. அப்படியென்றால் அன்றைக்கு நமக்கு எம்எல்ஏ யார்?

அத்தை: நன்மாறன்.

பெரியப்பா: நன்மாறன். மார்க்சிஸ்ட். 2001, 2006, இரண்டு தடவை தொடர்ந்து ஜெயித்தார்.

சித்தப்பா: இரண்டாவது தடவையை அப்படி அழுத்தமாகச் சொல்லாதீர்கள் அண்ணே. 51 ஓட்டு.

நான்: 51 சதவீதமா?

சித்தப்பா: சதவீதமா! வெறும் 51 ஓட்டுடா. ஒரு கல்யாணப் பந்தியில் அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். தோற்றவர் எங்கள் பூமிநாதன். மதிமுக, பம்பரம் சின்னம்.

அக்கா: சித்தப்பா, பிபி மாத்திரை போட்டாச்சா?

சித்தப்பா: போட்டாச்சு. இருந்தாலும் மே 11 என்றால் இன்னமும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அன்றைக்குத்தான் எண்ணிக்கை. நான் மதியம் சாப்பிடவில்லை, ராத்திரியும் சாப்பிடவில்லை.

பெரியப்பா: ராத்திரி ரெண்டு பரோட்டா சாப்பிட்டான். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா: எனக்கு ஒன்று புரியவில்லை. 2001இல் மார்க்சிஸ்ட் கட்சி அதிமுக கூட்டணி. 2006இல் திமுக கூட்டணி. ஒரே ஆள் முதலில் இந்தப் பக்கம் நின்று ஜெயிக்கிறார், அஞ்சு வருஷம் கழித்து அந்தப் பக்கம் நின்று ஜெயிக்கிறார். அப்படியானால் ஜெயித்தது அவரா, கூட்டணியா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

சித்தப்பா: கூட்டணிதான். சந்தேகமே வேண்டாம்.

பெரியப்பா: அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதே. பழைய கிழக்கின் கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும். 1967இல் அங்கே ஜெயித்தவர் கே.பி. ஜானகியம்மாள். மேடை நாடகத்தில் பாடி நடித்துப் பேர் வாங்கியவர். விஸ்வநாததாஸோடு நடித்தவர். விடுதலைப் போராட்டத்துக்கு வந்தார், ஜெயிலுக்குப் போனார், சேர்த்த சொத்தை எல்லாம் இயக்கத்துக்கே செலவழித்தார். அந்தத் தேர்தலில் பக்கத்துத் தொகுதியான மதுரை மேற்கில் ஜெயித்தவர் சங்கரய்யா. இரண்டு பேரும் மார்க்சிஸ்ட். அப்போது கூட்டணி திமுகவோடு. மாநிலம் முழுக்க அந்தக் கட்சிக்கு 11 இடம்.

அக்கா: பார்த்தீர்களா, அப்போதும் கூட்டணிதான்.

பெரியப்பா: இரும்மா. 1971இல் அந்தக் கூட்டணி இல்லை. மார்க்சிஸ்ட் கட்சிக்கு மாநிலத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1977இல் எம்ஜிஆரோடு சேர்ந்தார்கள், 12 இடம். சங்கரய்யா இந்தத் தடவை கிழக்கில் நின்று ஜெயித்தார். 1980இல் மறுபடியும் கிழக்கு, மறுபடியும் அவரே.

அக்கா: நீங்கள் எனக்குத்தான் வக்காலத்து வாங்குகிறீர்கள் பெரியப்பா. 2016ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் நலக் கூட்டணி என்று தனியாக நின்றார்கள். முட்டை. 2021இல் திமுகவோடு வந்தார்கள். ரெண்டு.

சித்தப்பா: 2016ஐ எதற்கு இழுக்கிறாய்? அதில் நாங்களும்தான் இருந்தோம்.

நான்: 1980இல் எம்ஜிஆர் நின்றது மதுரை மேற்கில்தானே?

பெரியப்பா: ஆமாம். அந்த வருஷம் ஒரு வினோதம். ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். 39 இடத்தில் எம்ஜிஆர் கட்சிக்குக் கிடைத்தது 2. பிப்ரவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே ஜனங்கள் 129 இடம் கொடுத்து அவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். மேற்கில் எம்ஜிஆர், கிழக்கில் சங்கரய்யா. ரெண்டு தொகுதியிலும் ஒரே கூட்டணி. அந்தப் பிரச்சாரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு எந்தப் பிரச்சாரமும் கண்ணில் நிற்காது.

அத்தை: எம்ஜிஆரைப் பார்க்கப் போய் என் செருப்பு தொலைந்தது.

பெரியப்பா: உன் செருப்பு மட்டுமா தொலைந்தது? மைதானம் முழுக்கச் செருப்புதான் கிடந்தது.

நான்: சங்கரய்யா என்றால் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை என்று சண்டை நடந்ததே, அவர்தானே?

பெரியப்பா: அவரேதான். அமெரிக்கன் கல்லூரி மாணவர். 1941இல் பரீட்சை நெருங்கும் நேரத்தில் கைது செய்தார்கள். பட்டம் போச்சு. பிறகு மதுரைச் சதி வழக்கு. 1947 ஆகஸ்ட் 14 அன்று, விடிந்தால் சுதந்திரம் என்கிற நிலையில், வெளியே வந்தார். காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் தொடக்கத்தில் பட்டமளிப்பு விழா. அமைச்சர் அதைப் புறக்கணித்தார். அதே மாதம் 15ஆம் தேதி சங்கரய்யா போய்விட்டார். வயது 101.

அக்கா: அரசு கொடுத்த தகைசால் தமிழர் விருதுப் பணம் 10 லட்சத்தையும் கொரோனா நிவாரணத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அதை மட்டும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா: சரி, அவர் பெரிய மனிதர், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சு 51 ஓட்டைப் பற்றி. சங்கரய்யா பின்னால் போய் ஒளியாதீர்கள்.

பெரியப்பா: ஒளியவில்லை. உன்னிடம் ஒரு கணக்கு கேட்கிறேன். 51 ஓட்டு வித்தியாசம் என்றால், எத்தனை பேர் மாற்றிக் குத்தியிருந்தால் முடிவு மாறும்?

நான்: 26 பேர். இந்தப் பக்கம் 26 குறையும், அந்தப் பக்கம் 26 கூடும். ஒரு ஓட்டில் பூமிநாதன் ஜெயித்திருப்பார்.

பெரியப்பா: அதுதான். கூட்டணி ஓட்டு முப்பதாயிரம், முப்பத்தைந்தாயிரம் என்று கொண்டுவந்து கொட்டும். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு கொட்டிவிட்டால் மிச்சத்தை யார் தீர்மானிப்பது? ஆள்தான். வாடகை வீட்டில் இருந்த எம்எல்ஏ. பஸ்ஸில் ஏறிப் போகிற எம்எல்ஏ. மேடை ஏறினால் கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். மேடைக் கலைவாணர் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? அந்த 26 பேர் அதற்காகப் போட்டவர்கள் என்று நான் சொல்கிறேன்.

சித்தப்பா: அந்த 26 பேர் திமுக தருவதாகச் சொன்ன இலவசக் கலர் டிவிக்காகப் போட்டவர்கள் என்று நான் சொல்கிறேன்.

அக்கா: ரெண்டு பேராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் சித்தப்பா, கலர் டிவி வாக்குறுதி தமிழ்நாடு முழுக்க ஒரே மாதிரிதான் இருந்தது. அதே தேர்தலில் உங்கள் மதிமுக திருமங்கலத்தில் ஜெயித்ததே. அங்கே யாரும் டிவி பார்ப்பதில்லையா?

சித்தப்பா: திருமங்கலத்தை ஞாபகப்படுத்தாதே தாயி. வீர. இளவரசன் 2006இல் ஜெயித்தார். அவர் இறந்து, 2009 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். திமுக 39,266 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்குத் திருமங்கலம் பார்முலா என்றே பேர் வந்து, ஊர் பேரே கெட்டுப்போனது.

பெரியப்பா: அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார். மூணு வருஷ இடைவெளி, அரை மணி நேர பஸ் தூரம். ஒரு இடத்தில் 51, இன்னொரு இடத்தில் 39,266. எந்த வெற்றி பெரிது என்று அட்டவணை சொல்லுமா?

சித்தப்பா: அட்டவணை எதைத்தான் சொல்லும்? பூமிநாதன் 15 வருஷம் கழித்து, 2021இல், நம் தெற்குத் தொகுதியில் ஆறாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். நான் வெடி போட்டேன். மறுநாள் தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் பார்த்தால் அவர் பேருக்கு எதிரே திமுக என்று இருக்கிறது.

நான்: ஏன்?

சித்தப்பா: உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள். எங்கள் ஆட்கள் நாலு பேரும் அப்படித்தான். எந்தச் சின்னமோ அந்தக் கட்சி என்று கணக்கு. 2006இல் பம்பரத்தில் நின்று 51இல் தோற்றது மதிமுக கணக்கு. 2021இல் ஜெயித்தது திமுக கணக்கு. தோல்வி மட்டும் எங்களுக்கு, வெற்றி அவர்களுக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா: இது நியாயமான புலம்பல்தான் சித்தப்பா. நிஜமாகவே சொல்கிறேன்.

பெரியப்பா: அந்த விஷயத்தில் மார்க்சிஸ்ட் ஆட்கள் கெட்டி. எந்தக் கூட்டணியில் இருந்தாலும் அரிவாள் சுத்தியல்தான். 2011இல் நன்மாறன் இங்கே நிற்கவில்லை, தொகுதியும் மாறியது. புதிதாக வந்த தெற்கில் அண்ணாதுரை அதே சின்னத்தில் நின்று ஜெயித்தார்.

அத்தை: (குரல் பதிவு. பேத்தி எழுதி அனுப்புகிறாள்) நீங்கள் எல்லாரும் நம்பர் நம்பராகப் பேசுகிறீர்கள். நான் ஒன்று சொல்கிறேன். 2021இல் நன்மாறன் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தது பேப்பரில் வந்ததே, மறந்துவிட்டீர்களா? ராஜாக்கூரில் குடிசை மாற்று வாரிய வீடு ஒன்று வேண்டும் என்று கேட்டார். பத்து வருஷம் எம்எல்ஏவாக இருந்தவர், ஜனத்தோடு ஜனமாக வந்து மனு கொடுத்தார். அதே வருஷம் அக்டோபரில் நம் பெரியாஸ்பத்திரியில்தான் உயிர் போனது. இதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்: எம்எல்ஏ சம்பளம், பென்ஷன் எல்லாம் வருமே அத்தை?

பெரியப்பா: அந்தக் கட்சியில் எம்எல்ஏ சம்பளத்தைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு, கட்சி தருவதை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். சேர்த்து வைக்க என்ன இருக்கும்?

சித்தப்பா: அதில் எனக்கும் மறுப்பில்லை. அவர் சாவுக்கு நானும் போனேன், மாலை போட்டேன். எதிர்க்கட்சிக்காரன் என்று ஒருத்தரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனால் நல்லவராக இருப்பது வேறு, தொகுதிக்கு வேலை நடப்பது வேறு. மாநிலத்திலேயே ஒன்பது பேர் உள்ள கட்சியின் எம்எல்ஏ என்ன செய்ய முடியும்?

அக்கா: இது நல்ல கேள்வி. பெரியப்பா பதில் சொல்லட்டும்.

பெரியப்பா: மந்திரியாக இருப்பவர் தொகுதிக்கு வரும் ரோடு இவருக்கு வராது, உண்மைதான். ஆனால் அவரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஆஸ்பத்திரியில் படுக்கை, ஸ்டேஷனில் ஒரு வார்த்தை. ஏழைக்கு எம்எல்ஏ என்றால் இவ்வளவுதான் வேலை. ரோடு அடுத்த மழையில் எப்படியும் போய்விடும்.

சித்தப்பா: ரோட்டையே வேண்டாம் என்கிறார் பாருங்கள். வாத்தியார் இல்லையா, எதற்கும் பதில் வைத்திருப்பார்.

அத்தை: (குரல் பதிவு) தம்பி, ஒரு விஷயம். 2006இல் பம்பரத்துக்குப் போடு அக்கா என்று மூணு தடவை வீட்டுக்கு வந்தாய் இல்லையா?

சித்தப்பா: வந்தேன். நீயும் சரி சரி என்று தலையாட்டினாய். மாமாவும் ஆட்டினார்.

அத்தை: (குரல் பதிவு) மாமா உனக்குத்தான் போட்டார். நான் அரிவாளுக்குப் போட்டேன்.

சித்தப்பா: அக்கா!

நான்: 26இல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது.

அக்கா: மிச்சம் 25. அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் உங்களோடுதானே பூத்துக்கு வந்தார்கள்?

அத்தை: (குரல் பதிவு) அவளும்தான். கூட இன்னும் நாலு பேர். நாங்கள் எல்லாரும் பேசிவைத்துத்தான் போனோம்.

பெரியப்பா: ஆறு ஆச்சு.

சித்தப்பா: இத்தனை வருஷமாக நான் வைகோவுக்கு நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் கூடப் பிறந்தவளே காலை வாரியிருக்கிறாள். அடுத்த எலெக்‌ஷனுக்கு உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன்.

அத்தை: (குரல் பதிவு) தாராளமாக வா. காப்பி போட்டுத் தருகிறேன், முறுக்கும் இருக்கும். ஓட்டை மட்டும் கேட்காதே.