மேற்கோள் இல்லாத தோட்டத்துக் கட்டுரைகள்: வெட்டுவதா, விடுவதா?

மழைக்கோட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டத் தோட்டங்கள் பற்றிய கட்டுரைகளை நாம் சிலர் பிரித்தெடுத்துத் திருத்தி வருகிறோம். எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, இரண்டு தடவை வரும் பந்தி இதெல்லாம் சமாளிக்கலாம். தலைவலி வேறு இடத்தில். "இத்தோட்டத்துக் கோயில் மிகப் பழமையானது", "இங்கே காமன்கூத்து நூறு வருடங்களுக்கு மேலாக நடக்கிறது", "இன்னார் புகழ்பெற்ற பெரிய கங்காணி" என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள், கீழே ஒரு மேற்கோள்கூட, அதாவது எந்த நூலில், எந்தப் பத்திரிகையில் இருக்கிறது என்ற ஆதாரக் குறிப்புக்கூடக் கிடையாது.

என் யோசனை இது. அப்படிப்பட்ட வரிகளுக்கு "மேற்கோள் தேவை" வார்ப்புரு, அதாவது வாசகருக்குத் தெரிகிற அந்தக் குறியைப் போடுவோம். ஒரு மாதம் காத்திருப்போம். யாரும் ஆதாரம் தரவில்லை என்றால் வரியை எடுத்துவிடுவோம். கட்டுரையில் மிஞ்சுவது இரண்டு வரி என்றாலும் பரவாயில்லை, குறுங்கட்டுரையாக இருக்கட்டும். மெய்யறிதன்மை என்ற விதி எல்லாக் கட்டுரைக்கும் பொதுவானது. மலையகத்துக்கு மட்டும் சலுகை கேட்க முடியாது.

கந்தப்பளை டீச்சர்

தம்பி, நீங்கள் சொல்கிற விதி எனக்கும் தெரியும். வாசகர் சரிபார்த்துக்கொள்ளக்கூடியதை மட்டும் எழுத வேண்டும், சொந்த ஆய்வைக் கொண்டுவரக்கூடாது. சரி. ஆனால் அச்சில் இருப்பதைத்தான் சரிபார்க்கலாம் என்றால், எங்களைப் பற்றி அச்சடித்தவர்கள் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பெர்கசன் டிரெக்டரி என்று பழைய தோட்ட விவரக் கொத்து ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. தோட்டத்தின் பெயர், ஏக்கர், சொந்தக்காரர், துரையின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். கொழுந்து பறித்த ஒருத்தியின் பெயர் அதில் இருக்காது. லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி எழுத உங்களுக்கு ஆதாரம் குவிந்து கிடக்கும். அந்த 19 ஏக்கரிலும் குழி வெட்டினவர்களைப் பற்றி எழுத என்ன கிடைக்கும்?

நீங்கள் சொல்கிற கத்தரிக்கோலை எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி ஓட்டினால் மிஞ்சுவது துரைமாரின் கட்டுரைகள்தான். அதற்குப் பெயர் நடுநிலை என்றால் எனக்கு விளங்கவில்லை.

பூண்டுலோயா_77

டீச்சர் சொன்னதற்கு ஒரு கும்பிடு. மழைக்கோட்டு அண்ணே, வார்ப்புரு ஒட்டுவது லேசான வேலை, ஆதாரம் தேடுவதுதான் கஷ்டம். ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் தேடினார்களா என்று முதலில் கேளுங்கள்.

மழைக்கோட்டு

தேடாமல் ஒட்டவில்லை. கிடைக்காததால்தான் கேட்கிறேன்.

டீச்சர், உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் நல்லவர்கள் மட்டும் வரமாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஊடகங்கள் சொன்ன எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. அந்தக் கட்டுரையில் மேற்கோள் கேட்காமல் விட்டால் ஆளுக்கொரு எண் போடுவார்கள். "நான் அந்த ஊர், எனக்குத் தெரியும்" என்பார்கள். செத்தவர்களின் கணக்கில் அப்படி விளையாட முடியுமா?

இன்னொன்று, தொழிற்சங்கத் தலைவர்கள் பற்றிய கட்டுரைகள். தேர்தல் வந்தால் போதும், பெயர் தெரியாத கணக்குகளிலிருந்து "மக்களின் இதயத்தில் வாழும்", "இணையற்ற" என்ற அடைமொழிகள் வந்து விழும். எதிர்க்கட்சிக்காரர் வந்து வசை எழுதுவார். இரண்டையும் எதைக் காட்டி எடுக்கிறோம்? இதே மேற்கோள் விதியைக் காட்டித்தானே! காமன்கூத்துக்கு விதியைத் தளர்த்திவிட்டு தலைவருக்கு மட்டும் இறுக்கினால் "எங்களுக்கு மட்டும் ஏன்" என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

ஊவாப்பக்கம்

இரண்டு பேரும் "மலையகத்தைப் பற்றி அச்சில் ஒன்றும் இல்லை" என்பதை அப்படியே ஒத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அது உண்மையில்லை.

தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையர் 1920களிலேயே தேசபக்தன் பத்திரிகை நடத்தியவர். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைச் சேகரித்து அச்சிலே கொண்டுவந்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தபோது விசாரணை ஆணைக்குழு ஒன்று உட்கார்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காக அங்கே ஆஜரானவர் இடதுசாரித் தலைவரும் வழக்கறிஞருமான கொல்வின் ஆர். டி சில்வா. அதாவது ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவைப் பற்றி அரசாங்கமே கடதாசி சேர்த்து வைத்திருக்கிறது.

நூலகம் என்ற இணைய நூலகத் தளத்தில் மலையகச் சிற்றிதழ்கள், சங்க வெளியீடுகள், பாடசாலை மலர்கள் எல்லாம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். கூகுளில் தோட்டத்தின் பெயரைத் தட்டினால் இவை வராது. பல இதழ்களின் உள்ளே இருக்கும் எழுத்து தேடலில் அகப்படாது, ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். "தேடினேன், கிடைக்கவில்லை" என்று யாராவது சொன்னால் எங்கே தேடினீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

கோயில் கும்பாபிஷேக மலரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் அதை மதிப்பதில்லை, கோயில்காரரே அடித்தது என்று தள்ளிவிடுகிறார்கள். தன்னைப் பற்றித் தானே வெளியிட்டதை, சர்ச்சை இல்லாத சாதாரண விவரத்துக்குக் காட்டலாம் என்று விக்கிப்பீடியா விதியே இடம் கொடுக்கிறது. எந்த வருடம் கும்பாபிஷேகம், யார் தர்மகர்த்தா என்பதற்கு மலர் போதும். "இலங்கையிலேயே பழமையான கோயில்" என்பதற்குப் போதாது.

கந்தப்பளை டீச்சர்

ஊவா, நல்ல விஷயம் சொன்னீர்கள், மலர்கள் என் வீட்டிலேயே கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆனால் காமன்கூத்துக்கு மலர் அடிப்பதில்லையே! மாசி மாதம் காமன் ஊன்றி, ரதி மதன் வேடம் கட்டி, கடைசி இரவு எரிப்பது வரைக்கும் எல்லாம் ஆட்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இன்ன வேடம் இன்ன குடும்பத்துக்கு என்று வழிவழியாக வருகிறது. கூத்து வாத்தியார் பாடுகிற பாட்டு அவர் கொப்பியில் இருக்கிறது, சில இடங்களில் கொப்பியும் இல்லை. பொதுவாகக் காமன்கூத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்தில் அது எப்படி வேறுபடுகிறது என்பதை யார் எழுதுவார்?

வாய்மொழியை மேற்கோளாகக் காட்டலாமா என்று விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு 2011இல் ஒரு முயற்சி நடந்தது. அச்சல் பிரபாலா செய்தார். மலையாளம், இந்தி, தென்னாபிரிக்காவின் செபெடி மொழி என்று மூன்றிலும் ஊர் ஆட்களிடம் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவை ஏற்றி, கட்டுரையில் அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். நாமும் அதைச் செய்யலாமே?

மழைக்கோட்டு

செய்தார்கள், ஆனால் அது பொது விதியாக ஆகவில்லையே, டீச்சர். காரணம் இருக்கிறது. பேட்டி எடுப்பவர், கேள்வி கேட்பவர், கட்டுரை எழுதுபவர் மூன்றும் ஒரே ஆள் என்றால் அது சொந்த ஆய்வு இல்லாமல் வேறென்ன? ஒரு தோட்டத்தில் இரண்டு சாதிக்காரர் முதல் மரியாதைக்கு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போது, நீங்கள் ஒரு பக்கத்துத் தாத்தாவை மட்டும் பேட்டி எடுத்துப் போட்டால் கலைக்களஞ்சியம் ஒரு கட்சி ஆகிவிடும். இது கற்பனை இல்லை, மலையகத்தில் இருக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி.

பூண்டுலோயா_77

ஆமாம், இதில் நான் அண்ணன் பக்கம். திருவிழாக் கட்டுரைகளில் "இன்ன குலத்தாருக்கே உரிமை" என்ற வரியைக் கண்டால் எனக்கும் எரிச்சல் வரும். மேற்கோள் இருந்தாலும் வரும்!

ஊவாப்பக்கம்

வாய்மொழியை நேராகக் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம். நூலக நிறுவனம் ஆவணகம் என்று ஒரு தளம் வைத்திருக்கிறது. வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், போட்டோ, ஒலி எல்லாம் அங்கே சேமிக்கிறார்கள். கூத்து வாத்தியாரின் பேட்டியை அப்படி ஓர் இடத்தில் ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கட்டும். இல்லையென்றால் டீச்சர் ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதட்டும், ஆசிரியர் குழு பார்த்து வெளியிடட்டும். பிறகு நம்மில் வேறொருவர் அதை மேற்கோள் காட்டலாம். தன் கட்டுரையைத் தானே காட்டினால் சந்தேகம் வரும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். செய்தித் தளங்கள் சில விக்கிப்பீடியாவிலிருந்தே பந்தியைத் தூக்கிப் போடுகின்றன. நாம் அந்தச் செய்தியைப் பார்த்து "ஆதாரம் கிடைத்துவிட்டது" என்று சந்தோஷப்படுகிறோம். திகதியைப் பாருங்கள். நம் தொகுப்பு வரலாற்றில் அந்த வரி முதலில் வந்த நாள் எது, செய்தி வந்த நாள் எது என்று ஒப்பிட்டாலே பிடிபட்டுவிடும்.

சுமைதாங்கி

புதிதாக உள்ளே வருகிறேன், மன்னிக்கவும். என் கேள்வி வேறு. தோட்டத்துக்கு எதற்குத் தனிக்கட்டுரை? கிராமத்துக்குக் கட்டுரை இருக்கலாம், அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஊர் அது. தோட்டம் ஒரு கம்பனியின் சொத்து. பக்கத்து நகரத்தின் கட்டுரையில் ஒரு பந்தியாகச் சேர்த்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. தனிக்கட்டுரை எழுதும் அளவுக்கு விஷயம் முக்கியமா என்று பார்க்கும் குறிப்பிடத்தக்கமை விதி என்று ஒன்று இருக்கிறதே.

கந்தப்பளை டீச்சர்

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஊர்" என்கிறீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் ரோட்டுப் போட, தண்ணீர் கொடுக்கக் காசு செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தன. தோட்டத்து ஆள் அந்தச் சபைக்கு வாக்குப் போடலாம், அதே சபை அவர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் ஒரு மின்விளக்குப் போட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையே போனது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கணக்கு பிறகு என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள்.

அரசாங்கம் ஊர் என்று எழுதவில்லை என்பதால் நாமும் எழுதமாட்டோம் என்றால், அந்தச் சட்டத்தை நாம் இன்னும் அமுல்படுத்திக்கொண்டு இருக்கிறோம் என்றுதான் அர்த்தம். தலைமுறை தலைமுறையாக ஆட்கள் பிறந்து, படித்து, செத்துப் புதைந்த இடம். பாடசாலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, தபால் வருகிறது. கம்பனி 1992க்குப் பிறகு வந்தது. அதற்கு முன் அரசாங்கம், அதற்கு முன் வெள்ளைக்காரன். சொந்தக்காரர் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஆட்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

சுமைதாங்கி

33ஆம் பிரிவு பற்றி அறிந்திருக்கவில்லை. ஆனாலும் இரண்டு வரிக் கட்டுரைகள் நூறு இருப்பதைவிட நல்ல கட்டுரை பத்து இருப்பது மேல் என்பேன். 2010 வாக்கில் கூகுள் ஆட்களை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியபோது என்ன நடந்தது? எண்ணிக்கை ஏறியது, வாசிக்க முடியவில்லை, தன்னார்வலர்களே எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தக் குப்பையைக் கிளறித் திருத்த எத்தனை பேரின் நேரம் போனது!

பூண்டுலோயா_77

அது இயந்திரம் பாதி ஆள் பாதியாகச் செய்த வேலை, தோட்டத்துப் பொடியன் தன் ஊரைப் பற்றி எழுதுவது வேறு. முதலாவது தப்பாக இருந்தால் திருத்த ஆள் இல்லை, இரண்டாவதைத் திருத்த அந்தப் பொடியனே இருக்கிறான். அவன் முதல் கட்டுரைக்கே நீக்கல் வார்ப்புருவை ஒட்டினால் மறுபடி வரமாட்டான்.

மழைக்கோட்டு

சரி, என் யோசனையை மாற்றி வைக்கிறேன், ஆனால் கைவிடவில்லை. வாழும் ஆட்களைப் பற்றியதும் உயிரிழப்பு எண்ணிக்கையும் மேற்கோள் இல்லை என்றால் உடனே வெளியே, ஒரு மாதம் எல்லாம் கிடையாது. சாதி உரிமை, "முதன்முதல்", "மிகப் பழமையான" வகையறாவும் அப்படியே. பத்திரிகையிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியது பதிப்புரிமைப் பிரச்சினை, அதற்குப் பேச்சே இல்லை. மற்றதை, அதாவது கூத்து, கோயில், பாடசாலை, பழைய பாதை மாதிரி விவரங்களை, எடுப்பதற்கு முன்னால் உரையாடல் பக்கத்துக்கு நகர்த்துவோம். எங்கே தேடினோம் என்றும் அங்கேயே எழுதுவோம். வரி தொலையாது, ஆனால் கட்டுரைக்குள் இருக்காது.

கந்தப்பளை டீச்சர்

உரையாடல் பக்கத்தை எந்த வாசகர் திறந்து பார்க்கிறார், தம்பி? பிள்ளைகள் ஒப்படைக்குக் கட்டுரையைத்தான் பார்க்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சர்ச்சை இல்லாத வரி "மேற்கோள் தேவை" என்ற குறியோடு கட்டுரையிலேயே இருக்கட்டும். வாசகர் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கட்டும், அவர்களும் புத்தியுள்ளவர்கள்தானே.

ஊவாப்பக்கம்

வாக்கெடுப்பு வேண்டாம், இதை விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் வைப்போம். மற்ற மாவட்டக்காரர்களும் சொல்லட்டும். அதற்குள் பசறை, மடுல்சீமைப் பக்கத்துக் கட்டுரைகளுக்கு நான் பழைய இதழ்களைப் புரட்டுகிறேன். டீச்சர், மலர்களின் அட்டையையும் பதிப்பு விவரமும் வருடமும் உள்ள பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். உள்ளே முழுக்க வேண்டாம்.

கந்தப்பளை டீச்சர்

அனுப்புகிறேன். காமன்கூத்துப் பந்தியில் வேடங்களின் பெயரையும் மாசி மாதம் என்பதையும் பொதுவான ஆய்வு நூலிலிருந்து மேற்கோள் காட்டிச் சேர்த்திருக்கிறேன், பாருங்கள். எங்கள் தோட்டத்தில் வாத்தியார் பாடும் முறை பற்றிய வரியை மட்டும் குறியோடு விட்டிருக்கிறேன்.

மழைக்கோட்டு

பார்த்தேன், பந்தி நன்றாக வந்திருக்கிறது. அந்தக் கடைசி வரியை நான் எடுக்கப்போகிறேன், டீச்சர்.

கந்தப்பளை டீச்சர்

எடுங்க தம்பி. காரணத்தை எழுதிவிட்டு எடுங்க. நான் மீளமைப்பேன், நானும் காரணம் எழுதுவேன்.